‘தானா சரியாயிடும்’ என்பது பாதி உண்மைதான்

கேள்வி: எனக்கு வயது 24. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ கிராமம். முதல் குழந்தை, பெண். பிறந்து 38 நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம்தான், எடை 4 கிலோ 100. தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது என்றார்கள். என் இரண்டு காலையும் மடக்கிப் பிடித்தார்கள், வயிற்றை அழுத்தினார்கள், அப்புறம்தான் பிள்ளை வந்தது. அன்றிலிருந்து வலது கையைத் தூக்குவதே இல்லை. உடம்போடு ஒட்டித் தொங்குகிறது, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கிறது. விரலைக் கொடுத்தால் மட்டும் பிடித்துக்கொள்கிறாள். ‘நரம்பு இழுபட்டிருக்கு, போகப் போகத் தானா சரியாயிடும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியார், உரம் விழுந்திருக்கிறது, உரம் எடுக்கிற பாட்டியிடம் கொண்டுபோவோம் என்கிறார். கிரகணத்தன்று நான் வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார்கள் சிலர். ஐந்தாம் மாதம் வரை கடலில் இறங்கிப் பாசி எடுத்தேன், அதனாலோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில் இருக்கிறார். ஆஸ்பத்திரி மேல் தப்பா என்று தெரியணும் என்கிறார். எதனால் இப்படி ஆனது? யாரிடம் காட்டுவது? கை வருமா? அடுத்த பிள்ளைக்கும் இப்படி ஆகுமா?
– பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

‘எதனால்’ என்பதை முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் ‘யாரிடம் காட்டுவது’ என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் நான்கு கேள்விகளில் அதற்கு மட்டும்தான் கெடு இருக்கிறது.

‘தானா சரியாயிடும்’ என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. இந்தக் காயம் பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கை திரும்ப வருகிறது. ஆனால் பத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு குறை தங்கிவிடுகிறது. எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று பிறந்த அன்றே யாராலும் சொல்ல முடியாது. முதல் மூன்று மாதம் விடாமல் கவனித்தால்தான் தெரியும். அப்படிக் கவனிக்கப் பொறுப்பான ஒருவரைக் காட்டிவிடாமல், ‘சரியாயிடும்’ என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஐந்து மாதம், எட்டு மாதம், சில சமயம் ஒரு வயது கழித்து, ‘சரியாயிடும்னாங்க, அதான் காத்திருந்தோம்’ என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோரைப் பார்க்கிறபோதெல்லாம் அந்த வருத்தம் கூடுகிறது. நீங்கள் 38-ஆம் நாளில் கேட்டிருக்கிறீர்கள். நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கைக்குள் இறங்குகின்றன. தோளைத் தூக்குவது, முழங்கையை மடக்குவது, விரலை மூடுவது எல்லாம் அந்தப் பின்னல் வழியாகத்தான். பிரேக்கியல் பிளெக்சஸ் என்பது அதன் பெயர். மேலே உள்ள இரண்டு வேர்கள் இழுபட்டால் தோளும் முழங்கையும் அசையாது, விரல்கள் மட்டும் வேலை செய்யும். நீங்கள் எழுதியிருக்கிற படம் அப்படியே இதுதான். டாக்டர்கள் இதை எர்ப்ஸ் பால்சி என்பார்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு குழந்தைக்கு நேர்கிறது. அபூர்வம் என்று சொல்ல முடியாது.

உங்கள் வீட்டுக்காரருக்கு வலைக்கயிற்றைச் சொன்னால் சட்டென்று விளங்கும். கயிறு இழுபட்டு நெகிழ்ந்திருக்கலாம். மேலே உறை சரியாக இருந்து உள்ளே புரிகள் அறுந்திருக்கலாம். கயிறே இரண்டாக அறுந்திருக்கலாம். கட்டிய இடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். முதல் வகைக் காயம் சில நாட்களில், சில வாரங்களில் தானாக ஆறும். இரண்டாவதும் ஆறும், ஆனால் நரம்பு மறுபடி வளர்ந்து தசையைத் தொட வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் தாமாக ஒழுங்காகச் சேர்வதில்லை, அவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும், மாதத்துக்கு மூன்று சென்டிமீட்டர். பச்சைக் குழந்தையின் கழுத்திலிருந்து முழங்கையை மடக்குகிற தசைவரை உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது புரியும். மூன்று மாதம் முடிவதற்குள் முழங்கை தன் பலத்தில் மடங்கத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் நல்ல சேதி. மடங்கவில்லை என்றால், நரம்பு அறுவை சிகிச்சை செய்கிறவர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நரம்பைச் சரிசெய்யும் அந்த அறுவை சிகிச்சையைப் பொதுவாக மூன்றிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் செய்வார்கள். நாள் தள்ளிப்போனால் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை அதற்குள் வீணாகிவிடும்.

பிறந்து ஒரு மாதம் ஆகியும் கை முழுதாக அசையவில்லை என்றால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும் என்பதே சரியான முறை. உங்கள் குழந்தைக்கு அந்த ஒரு மாதம் கடந்துவிட்டது. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்றுகூட இருக்காதீர்கள். இந்த வாரமே கிளம்புங்கள்.

முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 2022 ஜனவரியில் திறந்துவைத்த பதினொரு புதிய கல்லூரிகளில் அதுவும் ஒன்று. குழந்தைகள் பிரிவில் காட்டி, ‘டி.இ.ஐ.சி.’ எங்கே என்று கேளுங்கள். பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளுக்காக ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தை நலத் திட்டத்தில் மாவட்டம்தோறும் ஏற்படுத்திய மையம் அது. 2013-இல் தொடங்கிய திட்டம், பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை எல்லோருக்கும் இலவசம். அங்கே பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி கற்றுக்கொண்டு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மதுரையில் குழந்தைகள் பிரிவோடு பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலும் காட்ட வேண்டும். ‘முகத்தை அழகுபடுத்துகிறவர்களிடம் எதற்கு’ என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள். கை நரம்பு அறுவை சிகிச்சையில் பழகியவர்கள் அந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை, வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா மருத்துவமனை ஆகிய மூன்றும் கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போன இடங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு உண்டு. இன்னும் அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய் இப்போதே எடுத்துவிடுங்கள். எந்தச் சிகிச்சைக்கு, எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை அந்தந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்துப் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். எல்லாக் கவுண்டரிலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

டாக்டர் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறந்துபோனால் நீங்கள் ஞாபகப்படுத்தலாம், தப்பில்லை. காறை எலும்போ மேற்கை எலும்போ பிரசவத்தில் முறிந்திருந்தாலும் குழந்தை வலியால் கையை அசைக்காது, சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எக்ஸ்ரே எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். மூச்சுக்கான உதரவிதான நரம்பும் பக்கத்திலிருந்துதான் புறப்படுகிறது. பால் குடிக்கும்போது மேல்மூச்சு வாங்கினால், அடிக்கடி சளி பிடித்தால் கட்டாயம் சொல்லுங்கள். வலது கண் இமை மட்டும் தாழ்ந்திருக்கிறதா, அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் காயம் தண்டுவடத்தை ஒட்டி ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம், மூன்று மாதம்வரை காத்திருக்காமல் உடனே பெரிய இடத்துக்குப் போக வேண்டும். வலது காலும் அதேபோலச் சோர்ந்திருந்தால் பிரச்சினை கை நரம்பில் இல்லை, வேறு பரிசோதனைகள் வேண்டும். விரலைப் பிடித்துக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல அறிகுறி. கீழ் வேர்கள் தப்பியிருக்கின்றன. ஐந்து வேரும் அடிபட்ட கை துணியாகக் கிடக்கும்.

இன்னொன்று செய்யுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், சட்டையில்லாமல் மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். கை வாயை நோக்கிப் போகிறதா, முழங்கை மடங்குகிறதா, தோள் கொஞ்சமாவது எழும்புகிறதா என்பது அதில் பதிவாகும். ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் பார்க்கிற டாக்டருக்கு அன்றைக்கென்று குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். தேதியோடு இருக்கிற அந்த வீடியோக்களை நான் எந்த ஸ்கேனைவிடவும் ஆவலோடு பார்ப்பேன்.

இனி உரம். உங்கள் மாமியாருக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அவர் பேத்திமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தை விடாமல் அழுதாலும், தூக்கும்போது வீறிட்டாலும் ‘உரம் விழுந்திருக்கு’ என்பது நம் பக்கத்துப் பழக்கம். சேலையில் போட்டு இரண்டு முனையையும் பிடித்து உருட்டுவார்கள். வலது கையையும் இடது காலையும் குறுக்கே இழுத்துச் சேர்ப்பார்கள். தலையைப் பிடித்துத் தூக்குகிறவர்களும் உண்டு. ஆரோக்கியமான குழந்தைக்கே அது வேண்டாத வேலை. இந்தக் குழந்தைக்கோ அது மிகப் பெரிய ஆபத்து. பிரசவத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இழுபட்டதால் வந்த காயம் இது. அதே இடத்தை மறுபடி இழுத்தால், ஆறிக்கொண்டிருக்கிற நரம்பு முற்றாக அறுந்துபோகக்கூடும். சுளுக்கு வழிக்கிறவர், நெட்டி எடுக்கிறவர், எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் யாரிடமும் இந்தக் கையைக் கொடுக்காதீர்கள். கட்டுப்போட்டு அசையாமல் வைத்தால் மூட்டு இறுகிவிடும்.

பாட்டி குளிப்பாட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றட்டும். ஆனால் கையைப் பிடித்து உருவி நீவுவதும், இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி உதறுவதும் கூடாது. அந்தக் கையில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூடு பட்டாலும் அழாது. தண்ணீரை முதலில் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். கறுப்புக் கயிறு, தாயத்து கட்டுவதென்றால் இடது கையிலோ இடுப்பிலோ கட்டுங்கள். ஏர்வாடிக்குப் போவதோ, ராமேசுவரத்தில் வேண்டிக்கொள்வதோ, மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதோ உங்கள் மனத்துக்குத் தெம்பு தரும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைத் தள்ளிப்போடாமல்.

தூக்கும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், ஒரு கை இடுப்புக்கடியில். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். முன்பக்கம் திறக்கிற சட்டைதான் வசதி. தூளியில் போட்டால் அந்தக் கை உடம்புக்கடியில் மடிந்து மாட்டிக்கொண்டாலும் உங்களுக்குத் தெரியாது. இப்போதைக்குத் தரையில் பாயும் துணியும் விரித்து மல்லாக்கப் படுக்கவையுங்கள். இந்தக் குழந்தைகள் அசைகிற கையின் பக்கமே தலையைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள், கழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் வலது பக்கம் நின்று பேசுங்கள், கிலுகிலுப்பையை வலது பக்கம் ஆட்டுங்கள். விழித்திருக்கும்போது உங்கள் நெஞ்சின்மேல் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது வலது கை உங்கள் உடம்புக்கும் அவளுக்கும் நடுவில் நசுங்காமல், மேலே தெரிகிறமாதிரி பிடியுங்கள்.

பயிற்சியைப் பற்றி எழுதத்தான் செய்கிறேன், ஆனால் படித்துவிட்டு நீங்களாகத் தொடங்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை உங்கள் கையாலேயே செய்துகாட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகு தொடங்குங்கள். இதில் முக்கியமான ஒன்று: முழங்கையை விலாவோடு ஒட்டி நேர்கோணமாக மடக்கி வைத்துக்கொண்டு, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவது. இன்னொன்று, தோள்பட்டை எலும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோவது. முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புவது எல்லாமும் உண்டு. துணி மாற்றும்போதெல்லாம் சில தடவை, வலிக்காமல். முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள். பயிற்சி நரம்பை வளர்க்காது. நரம்பு வந்து சேரும்வரை மூட்டு இறுகிப்போகாமல் காப்பதுதான் அதன் வேலை. அது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நரம்பு நன்றாகத் திரும்பியும், தோள் மூட்டு உட்பக்கம் திரும்பியபடியே இறுகிப்போனதால் கையைத் தூக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் ஆண்டிலேயே மூட்டின் குழி உருமாறிவிடக்கூடும். வெளிப்பக்கம் திருப்புவது நாளுக்கு நாள் கடினமாகிறது என்று உங்கள் கைக்குத் தெரிந்தால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

நரம்பு டானிக், சொட்டு மருந்து என்று யாராவது எழுதிக்கொடுத்தால் அதற்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். குழந்தையின் நரம்பை வேகமாக வளரவைக்கும் என்று நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. கரண்டு வைப்பதற்கும் பலமான ஆதாரம் கிடையாது. பிசியோதெரபிக்கு ஒவ்வொரு முறையும் ராமநாதபுரம் போக முடியாவிட்டால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உங்கள் வட்டாரத்துக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட் எப்போது வருகிறார் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

இப்போது ‘எதனால்’ என்பதற்கு வருகிறேன். பாசி எடுத்ததால் இல்லை அம்மா. மரிக்கொழுந்துப் பாசிக்காக நீங்கள் மூச்சுப் பிடித்து முங்கியது உங்கள் உடம்பைக் களைப்பாக்கியிருக்கும், பிள்ளையின் கை நரம்பை ஒன்றும் செய்திருக்காது. இந்தக் காயம் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் உண்டானதில்லை, பிரசவ நேரத்தில் உண்டானது. கிரகணத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யார் சொன்னாலும் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

தலை வெளியே வந்த பிறகு, குழந்தையின் தோள் தாயின் முன்பக்க இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதுண்டு. ஷோல்டர் டிஸ்டோசியா என்பார்கள். பிரசவ அறையில் எங்களையெல்லாம் நடுங்கவைக்கிற சில நிமிடங்கள் அவை. அதற்குள் வெளியே எடுக்காவிட்டால் குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு குறைந்துபோகும். தலைக்கும் தோளுக்கும் இடையில் கழுத்து நீண்டு நரம்பு இழுபடுவது அப்போதுதான். குழந்தை பெரிதாக இருப்பது, தாய்க்கு சர்க்கரை இருப்பது, ஆயுதம் போட்டு எடுப்பது, முன்பு ஒரு பிரசவத்தில் தோள் மாட்டியிருப்பது எல்லாம் இதற்கான வாய்ப்பைக் கூட்டும். ஆனாலும் இந்தக் காயம் பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முன்கூட்டியே சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இருப்பதில்லை. வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தைகளுக்கும் அபூர்வமாக வந்திருக்கிறது.

விக்டோரியா மகாராணியின் பேரன், பின்னாளில் ஜெர்மனியின் சக்கரவர்த்தியான இரண்டாம் வில்லியம், 1859-இல் பெர்லினில் கால்பக்கமாகப் பிறந்தவர். அந்தப் பிரசவத்தில் அவருடைய இடது கை நரம்பு அடிபட்டது. அரண்மனை டாக்டர்கள் இருந்தும் அந்தக் கை கடைசிவரை குட்டையாகவும் பலமில்லாமலும்தான் இருந்தது. அப்போது வெட்டிய முயலின் சூடான உடம்பை அந்தக் கையில் சுற்றிப் பார்த்தார்களாம், நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பார்த்தார்களாம். அங்கே வசதிக்கும் குறைவில்லை, அக்கறைக்கும் குறைவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்தில் தெரியாது. இன்றைக்குத் தெரியும், அதுவும் உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரரின் கேள்வி நியாயமானது. காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்தது சரியான முறை. வயிற்றை அழுத்தியதில் மட்டும் ஒரு விஷயம் இருக்கிறது. அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்தினால் மாட்டியிருக்கும் தோள் விலகும், அதைத்தான் செய்ய வேண்டும். கர்ப்பப்பையின் உச்சியில், மேல்வயிற்றில் அழுத்தினால் தோள் இன்னும் இறுகும். உங்களுக்கு எங்கே அழுத்தினார்கள், எவ்வளவு நேரம், எந்த வரிசையில் என்னென்ன செய்தார்கள் என்பது கடிதத்திலிருந்து எனக்குத் தெரியாது. குழந்தைக்கு இந்தக் காயம் வந்திருக்கிறது என்பதாலேயே யாரோ தவறு செய்தார்கள் என்று முடிவுகட்டவும் முடியாது. சரியாகச் செய்த பிரசவத்திலும் வருவதுண்டு. அந்தச் சில நிமிடங்களில் உயிரோடு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை, அதற்காக என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கக்கூடாது என்பதில்லை. பிரசவக் குறிப்பேட்டின் நகல், வலிநேர வரைபடம், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி சொல்கிறது. சண்டை வேண்டாம். ‘அடுத்த பிரசவத்துக்கும் மதுரை டாக்டருக்கும் வேண்டும்’ என்று கேளுங்கள், அதுவும் உண்மைதானே. அதைப் படித்த வேறொரு மகப்பேறு மருத்துவர் குறை இருக்கிறது என்று சொன்னால், ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. ஆனால் கோபத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. முழங்கைக்கு இல்லை.

கை வருமா என்று கேட்டீர்கள். விரல் பிடிக்கிற குழந்தை என்பதால் நம்பிக்கையோடு இருக்க எனக்குக் காரணம் இருக்கிறது, உறுதி சொல்ல இல்லை. இரண்டு மாதத்துக்குள் முழங்கையும் தோளும் அசையத் தொடங்கினால் முழுதாகத் தேறும் வாய்ப்பு மிக அதிகம். மூன்று மாதத்துக்குப் பிறகு தொடங்கினால் கை வேலை செய்யும், ஆனால் தோளைத் தூக்குவதிலோ உள்ளங்கையைத் திருப்புவதிலோ கொஞ்சம் குறை நிற்கலாம், மற்றக் கையைவிடச் சற்றுச் சிறுத்தும் இருக்கலாம். தொடங்கவே இல்லையென்றால் அறுவை சிகிச்சை. காலிலிருந்து வேறொரு நரம்பை எடுத்து ஒட்டுவார்கள், அல்லது பக்கத்து நரம்பை மாற்றி இணைப்பார்கள். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வயதுக்கு மேல் தசைநாணை இடம் மாற்றித் தோளுக்குப் பலம் கொடுக்கிற சிகிச்சையும் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டை பற்றி இப்போதே யாராவது பேச்செடுத்தால், அதற்கு அவசரமில்லை என்று சொல்லிவிடுங்கள். குறை நிலைத்துவிட்டது என்று டாக்டர் சொல்கிற காலம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தடைக்காலம் ஜூன் 14 வரை. படகு இறங்கும்போது உங்கள் மகளுக்கு மூன்று மாதம் ஆகியிருக்கும். வருமானம் இல்லாத இரண்டு மாதம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பா வீட்டில் இருக்கிறார், அது இந்தக் குழந்தைக்குக் கிடைத்த பெரிய உதவி. பயிற்சியை அவரும் கற்றுக்கொள்ளட்டும். மண்டபத்தில் மதுரை ரயில் ஏறுகிற நாளில் பை, பேப்பர், குழந்தை மூன்றையும் நீங்கள் ஒருத்தியே சுமக்க வேண்டாம். ஃபைலை அவர் பொறுப்பில் விடுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ‘என்னால்தானோ’ என்ற பயத்தோடு 38 நாள் தூங்காமல் இருக்கிற பெண்ணுக்குப் பால்கூடக் குறையும். அழுகை நிற்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்று ஆனால், அதுவும் பிரசவத்துக்குப் பின் வருகிற ஒரு நோய், அதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. கைக்குக் காட்டப் போகிற அதே ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள். 104-க்கு போன் செய்தாலும் பேசுவார்கள்.

அடுத்த பிள்ளை. இது பரம்பரை நோய் இல்லை. ஆனால் ஒருமுறை தோள் மாட்டியவருக்கு அடுத்த முறையும் மாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், பத்தில் ஒருவருக்காவது திரும்ப நேர்கிறது. இப்போது ஒரு வேலை: கர்ப்பமாக இருந்தபோது 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்களா, அளவு என்ன என்று தாய்-சேய் நல அட்டையில் பாருங்கள். 140-ஓ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால சர்க்கரை. 4 கிலோவுக்கு மேல் குழந்தை பிறந்திருக்கிறது என்பதால், அன்று சரியாக இருந்திருந்தாலும் இப்போது ஆறு வாரம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள். அடுத்த முறை கர்ப்பம் உறுதியான உடனேயே, எட்டாம் மாதம்வரை காத்திருக்காமல், ‘முதல் பிரசவத்தில் தோள் மாட்டியது, குழந்தைக்குக் கை நரம்பு அடிபட்டது’ என்று சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிரசவத்தை எல்லா நேரமும் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிசேரியன் வேண்டுமா என்பதை அப்போதைய குழந்தையின் எடையையும் உங்கள் சர்க்கரையையும் பார்த்து அவர்களோடு பேசி முடிவு செய்யலாம். இந்தப் பிரசவக் குறிப்பின் நகலை அதற்காகவும் பத்திரமாக வைத்திருங்கள்.